தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

ஆடித் திருவிழா முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சி ரூசா பக்கத்தில் இருக்கும் எங்கள் கோயிலில் கணக்குக் கூட்டம் நடந்தது. பந்தல் காசு, பூக் காசு, அன்னதானக் காசு எல்லாம் பேசி முடித்த பிறகு தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, நீதானே சிவில் படிக்கிறே? பின்னால இருக்கிற பள்ளத்துல மண்ணு கொட்டி மேடாக்கிட்டு ஒரு மண்டபம் கட்டலாம்னு இருக்கோம். அறுபதுக்கு எண்பது அடி. ஒரு பிளான் போட்டுக் குடு. வெளியில போனா ஆயிரக்கணக்குல கேப்பான்.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் டியூப்லைட் மாற்றும்போது மட்டும்தான் அதுவரை என்னை ‘எஞ்சினியர்’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இப்போது கோயிலே கூப்பிடுகிறது. சரி என்று தலையாட்டிவிட்டு, ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்.

“பர்மிட் எடுக்கணுமே மாமா?”

“கோயில் காரியம்பா. யாரு வந்து கேக்கப் போறா?”

தப்பான எண்ணம் எதுவும் அவருக்குக் கிடையாது. தேவார வகுப்புப் பிள்ளைகள் முன் தாழ்வாரத்தில்தான் உட்கார்கிறார்கள். மழை அடித்தால் புத்தகம் நனைகிறது. நம்மவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு டவுனில் மண்டபம் எடுத்தால் வாடகைக்கே கடன் வாங்க வேண்டியிருக்கிறது. சொந்தமாக ஒரு மண்டபம் வேண்டும் என்பது இருபது வருடக் கனவு. பக்கத்தில் ஏதோ ஒரு கட்டுமான வேலையில் வெட்டிய மண் சும்மா கிடைக்கிறது, லாரிக் கூலி மட்டும்தான் செலவு. இந்தச் சந்தர்ப்பத்தை விட்டால் மறுபடி வராது என்பது அவருடைய கணக்கு.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து வரைந்தேன். தூண், மேடை, சமையல்கட்டு, கழிவறை எல்லாம் வந்துவிட்டது. மூன்றாவது ராத்திரி ஒரு சின்ன அம்புக்குறியில் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் படிப்பில் எந்த நில வரைபடம் போட்டாலும், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் மார்க் கிடையாது. மண்டபத்தின் பின்னால் அந்த அம்பை வரையப் போனேன். அது நேராகக் கீழ்வரிசை வீடுகளைக் காட்டியது. அந்த வரிசையில் கடைசி வீடு எங்கள் பூக்காரப் பாட்டியுடையது. அம்மனுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை கட்டுபவர் அவர்தான்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

பள்ளம் செய்த வேலை

அந்தப் பள்ளத்தை நாங்கள் யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. நவம்பர், டிசம்பரில் தண்ணீர் தேங்கும், தவளை கத்தும், கொசு வரும். சின்ன வயதில் அங்கே மீன் பிடித்திருக்கிறோம். ‘சும்மா கிடக்கிற நிலம்’ என்றுதான் எல்லாருக்கும் பேச்சு. ஆனால் பக்கத்து ஓடை நிரம்பி வழியும்போது தண்ணீர் முதலில் இந்தப் பள்ளத்துக்குத்தான் வருகிறது. நம் ஊர் கடற்கரை ஊர். கடல் பெருகி நிற்கும் நேரத்தில் பெரிய மழையும் சேர்ந்துகொண்டால் ஓடையால் கடலுக்குள் தண்ணீரைத் தள்ள முடியாது. கடல் இறங்கும்வரை அந்தத் தண்ணீர் எங்காவது காத்திருக்க வேண்டும். இத்தனை வருடமாக அது காத்திருந்த இடம் கோயிலின் பின்பக்கம்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். 60 அடிக்கு 80 அடி என்றால் 4,800 சதுர அடி. பள்ளம் சராசரியாக 3 அடி ஆழம் என்று வைத்தால் 14,400 கன அடி, அதாவது ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டிகள் 400-ஐ வரிசையாக வைத்தால் எவ்வளவோ, அவ்வளவு தண்ணீருக்கு இருந்த இடத்தை நாம் மண் போட்டு மூடப்போகிறோம். அது மட்டும் இல்லை. மணிக்கு 60 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் அதை மிகக் கனத்த மழை என்பார்கள். அப்படி ஒரு மணி நேரம் பெய்தால் இந்த மண்டபக் கூரையிலிருந்து மட்டும் 26,000 லிட்டருக்கு மேல் கொட்டும். முன்பு புல்லும் மண்ணும் அதில் ஒரு பகுதியைக் குடித்துவிடும். தகரமும் சிமெண்டும் குடிக்காது.

மண்ணைக் கொட்டினால் தண்ணீர் இல்லாமல் போய்விடாது. வேறு யாரோ ஒருவருடைய வாசலுக்குப் போகும். நம்முடைய விஷயத்தில் அந்த யாரோ யார் என்று எனக்குப் பெயரோடு தெரிந்துவிட்டது. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

சட்டம் என்ன கேட்கிறது?

மறுநாள் சட்டத்தைத் தேடிப் படித்தேன். அதுவரை ‘பர்மிட்’ என்றால் எனக்கு வரிசையில் நிற்பது, பாரம் நிரப்புவது, காசு கட்டுவது என்றுதான் அர்த்தம்.

நம் நாட்டில் 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் இருக்கிறது. 172-ஆம் சட்டம் என்பார்கள். அதன்படி எந்த மேம்பாட்டு வேலைக்கும் முதலில் உள்ளாட்சி மன்றத்தின் திட்டமிடல் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தோடு கொடுக்கும் அறிக்கையில் நிலத்தின் மேடு பள்ளம், வடிகால், நீர்நிலை எல்லாவற்றையும் விவரிக்க வேண்டும். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், மண் வேலை தொடங்குவதற்கு முன்பே வரைபடம் கொடுக்கச் சொல்கிறது. ஆக, முதல் லாரி வருவதற்கு முன்னாலேயே கேள்வி வந்துவிடுகிறது.

இதற்கு மேல் நீர்ப்பாசன, வடிகால் துறையின் கையேடு ஒன்று உண்டு. நாங்கள் வகுப்பில் அதை ‘மஸ்மா’ என்று கூப்பிடுவோம். முதல் பதிப்பு 2000-இல் வந்தது, இரண்டாவது 2012-இல். அதற்கு முந்திய காலத்தில் பெரிய லோங்காங் வெட்டி, தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வெளியே அனுப்பிவிடு என்பதுதான் நோக்கமாக இருந்தது. இந்தக் கையேடு அதை மாற்றியது. உன் நிலத்தில் விழும் தண்ணீரை உன் நிலத்திலேயே கொஞ்ச நேரம் பிடித்து வை. கட்டுவதற்கு முன் உன் இடத்திலிருந்து உச்ச நேரத்தில் எவ்வளவு தண்ணீர் வெளியேறியதோ, கட்டிய பிறகு அதைவிட அதிகமாக வெளியேறக் கூடாது. இதுதான் அதன் சாரம்.

பரீட்சைக்காக இதை நான் மனப்பாடம் செய்திருக்கிறேன். மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குத்தான் அது ஒரு தர்ம வாக்கியம் மாதிரி எனக்குப் பட்டது. நீ வந்ததால் அடுத்தவன் நிலைமை முன்பைவிட மோசமாகக் கூடாது. இதைச் சொல்ல ஒரு சாமியார் வேண்டியதில்லை, ஒரு வடிகால் கையேடே சொல்கிறது.

யோசித்துப் பாருங்கள். மண்டபம் கட்ட வேண்டும் என்று நாம் பேசும்போது அந்தக் கூட்டத்தில் தலைவர் இருக்கிறார், பொருளாளர் இருக்கிறார், லாரி வைத்திருக்கும் அண்ணன் இருக்கிறார், பிளான் போடும் நான் இருக்கிறேன். பாதிக்கப்படப் போகிற பாட்டி அங்கே இல்லை. அவருக்கு விஷயமே தெரியாது. திட்டமிடல் அனுமதி என்பது, அந்தக் கூட்டத்தில் இல்லாத ஒருவருக்காக ஒரு நாற்காலி போட்டு வைப்பது. பர்மிட் இல்லாமல் கட்டும்போது நாம் அரசாங்கத்தை ஏமாற்றுவதாக நினைக்கிறோம். உண்மையில் அந்த நாற்காலியைத்தான் எடுத்துவிடுகிறோம்.

முதலில் என் வீட்டு அடுப்படி

இதையெல்லாம் கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது.

எங்கள் தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்து வீட்டில் நாலு பிள்ளைகளை வளர்த்தார். அப்பா பல வருடம் சம்பாதித்து இந்தத் தாமானில் ஒரு மலிவு விலை வீடு வாங்கினார். அம்மாவுக்கு அடுப்படி பத்தவில்லை. அக்கம் பக்கத்தில் எல்லாரும் செய்த மாதிரி அப்பாவும் பின்சந்து வரைக்கும் அடுப்படியை இழுத்துக் கட்டினார். பின்பக்க லோங்காங் மேல் கான்கிரீட் பலகை போட்டு மூடினார். அதன்மேல்தான் எங்கள் கேஸ் அடுப்பு இருக்கிறது. நான் சாப்பிட்டு வளர்ந்த அத்தனை தோசையும் ஒரு லோங்காங் மேல் சுட்டவை.

மூடின பிறகு அந்தச் சாக்கடையை யாரும் தூர் வாரியதில்லை; வாரவும் முடியாது. பெரிய மழை பெய்தால் எங்கள் வீட்டுக்குப் பிரச்சினை இல்லை. நாலு வீடு தள்ளி இருக்கும் வீட்டில்தான் பின்பக்கம் தண்ணீர் ஏறும். அந்த வீட்டு அண்ணன் ஒரு தடவை அப்பாவிடம் சொன்னாராம். அப்பா, “எல்லாரும்தானே கட்டியிருக்கோம், என்னை மட்டும் கேக்கிறியே” என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

அப்பாவை நான் குற்றம் சொல்ல வரவில்லை. ஒரு நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், தன் மனைவிக்கு ஒரு நல்ல அடுப்படி வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அவர் கையாலும் இது நடந்திருக்கிறது என்றால், இதைக் கெட்டவர்கள் செய்யும் காரியம் என்று ஒதுக்கிவிட முடியாது. நல்லவர்களே தெரியாமல் செய்யும் காரியம் என்பதால்தான் இதற்கு ஒரு விதி தேவைப்படுகிறது.

நாம் சொல்லும் நியாயங்கள்

இதை நண்பர்களிடம் பேசியபோது நாலு பதில்கள் வந்தன. நேர்மையாகப் பார்ப்போம்.

முதல் பதில்: “இருபது வருஷமா இங்க வெள்ளம் வந்ததில்லையே.” நூறு ஆண்டு வெள்ளம் என்று எங்கள் பாடத்தில் வரும். நூறு வருடத்துக்கு ஒரு முறை முறை வைத்து வரும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒவ்வொரு வருடமும் வருவதற்கு 1 விழுக்காடு வாய்ப்பு என்றுதான் அர்த்தம். ஒரு வீட்டுக் கடன் கட்டி முடிக்கும் 30 வருடத்தில் அது ஒரு தடவையாவது வருவதற்கான வாய்ப்பு 26 விழுக்காடு. அதாவது நாலில் ஒன்று. விமானம் நாலில் ஒரு தடவை விழும் என்றால் நாம் ஏறுவோமா?

2021 டிசம்பர் 18-ஆம் தேதியை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் பெய்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரையில் ஏறி நின்றார்கள். நம் நெகிரி செம்பிலானிலும் ஆட்களை நிவாரண மையங்களுக்கு மாற்றினார்கள். அந்த ஆண்டு வெள்ளத்தின் மொத்த நட்டம் 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்குச் சொன்னது. தண்ணீர் வடிந்த பிறகு நாங்கள் சிலர் ஸ்ரீ மூடாவுக்கு வீடு கழுவப் போனோம். நனைந்த மெத்தை ஒன்றைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் அம்மா ஒருவர் கல்யாண ஆல்பத்தை விரித்து ஒவ்வொரு படமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க முகங்கள் அழிந்தன.

அன்றைக்குச் சேவை செய்தோம் என்ற திருப்தியோடு வீடு திரும்பினேன். இன்றைக்கு யோசிக்கிறேன். வெள்ளம் வந்த பிறகு சோற்றுப் பொட்டலம் கொடுப்பது சேவை. அடுத்தவர் வீட்டுக்கு வெள்ளம் போகாதபடி நம் பள்ளத்தைப் பள்ளமாகவே விட்டு வைப்பதும் சேவைதான். ஆனால் அதற்கு யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள்.

இரண்டாவது பதில்: “எல்லாரும்தான் கட்டுறாங்க. நாம ஒருத்தர் நிறுத்தினா என்ன ஆகப்போகுது?” எங்கள் அப்பா சொன்ன பதிலும் இதுதான். ஒரு அடுப்படியால் வெள்ளம் வந்துவிடாது என்பது உண்மை. ஆனால் ஒரு வரிசையில் இருபது அடுப்படி இருக்கிறது, ஒரு தாமானில் பத்து வரிசை இருக்கிறது. யாருடைய பங்கும் தனியாகக் கண்ணுக்குத் தெரியாது, மொத்தம் மட்டும் தெரியும். ஒரு பெரிய தவறை ஆயிரம் பேர் பங்கு போட்டுக்கொண்டால் தவறு குறைவதில்லை, வெட்கம் மட்டும் குறைகிறது.

மூன்றாவது பதில்: “சாமி காரியம். அவ பாத்துக்குவா.” இதற்கு எனக்குக் கோயிலுக்குள்ளேயே பதில் கிடைத்தது. கருவறைக்குப் பக்கத்தில் கோமுகியைப் பார்த்திருப்பீர்கள். அபிஷேகத் தண்ணீர் வெளியே வரும் வாய். பால், தேன், பன்னீர் எதை ஊற்றினாலும் அது எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டுத்தான் நம் முன்னோர்கள் கருவறையைக் கட்டினார்கள். சிவன் கோயிலில் பிரதோஷ நாளில் சோமசூத்திரப் பிரதட்சணம் வரும்போது அந்தத் தண்ணீர் போகும் வழியைத் தாண்டாமல் திரும்பி வருவார்கள். சாமி தலையில் விழுந்த தண்ணீருக்கே ஒரு வழி ஒதுக்கி, அதை மிதிக்காமல் நடக்கப் பழகிய மரபு நம்முடையது. அந்தக் கோயில் பெயரைச் சொல்லி மழைத் தண்ணீரின் வழியை மறிப்பது எப்படி பக்தி ஆகும்?

நாலாவது பதில்தான் கனமானது. “சட்டம் ஏழைக்கு மட்டும்தான். பெரிய கம்பெனிக்காரன் மலையை வெட்டுறான், கடலை மூடுறான், அவனை யாரு கேக்கிறா?” என் நண்பன் ஒருவன் கோபத்தோடு கேட்டான். அவன் கோபத்தில் உண்மை இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

சென்னையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் பழைய நிலக் கணக்கில் ‘புறம்போக்கு’ என்று ஒரு வகை உண்டு. வரி போடாமல், தனி ஆளுக்குக் கொடுக்காமல், எல்லாருக்கும் பொதுவாக விட்ட நிலம். ஏரி, ஓடை, மேய்ச்சல் தரை, சுடுகாடு எல்லாம் அதில் சேரும். இங்கே கட்டாதே என்ற விதி வெள்ளைக்காரன் புத்தகத்திலிருந்து மட்டும் வந்ததில்லை என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி. இன்றைக்கு நாம் அதைத் திட்டுவதற்கு மட்டும்தான் பயன்படுத்துகிறோம். எந்தக் காசும் தராத நிலம் உதவாக்கரை நிலம் என்று நினைக்க ஆரம்பித்த பிறகு சொல்லும் கெட்டுப்போய்விட்டது.

சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் 50 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடந்தது. அதில் குப்பைக் கிடங்கு வந்தது, சாலை வந்தது, அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் வந்தன. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது. 2015 டிசம்பரில் நகரமே மூழ்கியது. அதற்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் குடிசை போட்டிருந்த ஏழைகளை, வெள்ள ஆபத்து என்று சொல்லி அகற்றினார்கள். பலரைக் கொண்டுபோய் வைத்த இடங்களில் ஒன்று பெரும்பாக்கம். அதுவும் அந்தச் சதுப்பு நிலத்தின் பக்கத்தில் தண்ணீர் தேங்கும் பகுதிதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அங்கேயும் தண்ணீர் சூழ்ந்தது. பள்ளிக்கரணைக்கு 2022-இல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது நல்ல செய்தி. ஆனால் அதற்குள் யார் யார் எதை இழந்தார்கள் என்று பார்த்தால் என் நண்பனின் கோபம் நியாயம் என்றே படுகிறது.

நம் நாட்டிலும் ஒரு பாடம் இருக்கிறது. 1993 டிசம்பர் 11-ஆம் தேதி உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். பின்னால் இருந்த மலைச்சரிவில் தண்ணீர் சரியாக வடிய வழியில்லாமல் மண் சரிந்தது ஒரு முக்கியக் காரணம். வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2006-இல் கூட்டரசு நீதிமன்றம், 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95(2) பிரிவு உள்ளாட்சி மன்றத்துக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது, அதன்மேல் பொறுப்புச் சுமத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. முத்திரை குத்தியவரிடம் நட்ட ஈடு கேட்க முடியாது என்றால், ‘அதான் பாஸ் ஆகிடுச்சே’ என்று நாம் நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. 2007-லிருந்து கட்டடம் குடியேறத் தகுதியானது என்ற சான்றிதழை, வேலைக்குப் பொறுப்பான கட்டடக் கலைஞரோ பொறியாளரோ கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். நாளைக்கு அந்தக் கையெழுத்து என்னுடையதாக இருக்கலாம். இதை எழுதும்போதே கை கொஞ்சம் நடுங்குகிறது.

ஆக, நண்பனுக்கு என் பதில் இதுதான். சட்டம் மேலே இருப்பவனிடம் வளைகிறது என்பது அநியாயம். அதை எதிர்த்துப் பேச வேண்டும். ஆனால் அந்த அநியாயத்தை நான் பாட்டியின் வாசலில் இறக்கி வைத்தால், பெரிய கம்பெனிக்காரனுக்கு ஒரு நட்டமும் இல்லை. அவன் செய்ததையே நானும் சின்ன அளவில் செய்திருப்பேன், அவ்வளவுதான். மேலேயிருந்து வந்த அநியாயத்தைக் கீழே தள்ளிவிடுவதும், மேலேயிருந்து வந்த தண்ணீரைக் கீழே தள்ளிவிடுவதும் எனக்கு ஒன்றாகவே தெரிகிறது.

அறுப்பவர் யார்?

சமய வகுப்பில் கர்மத்தைப் பற்றிப் படித்திருக்கிறோம். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று பழமொழியும் சொல்கிறது. வெள்ளம் இந்தக் கணக்கைக் குழப்பிவிடுகிறது. மண்ணைக் கொட்டியவன் உயரத்தில் காய்ந்த தரையில் நிற்கிறான். ஒன்றும் செய்யாத பாட்டி முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். விதைத்தவன் ஒருவன், அறுப்பவர் இன்னொருவர்.

‘அது அவங்க போன ஜென்மத்து வினை’ என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. நாம் கொட்டிய மண்ணுக்குப் பாட்டியின் பூர்வ ஜென்மத்தைக் காரணம் காட்டுவது சமயம் இல்லை, சாக்கு. வினை என்பது என் காரியம் மட்டும் இல்லை. என் காரியம் போய்ச் சேரும் இடமும் அதில் அடக்கம் என்று எடுத்துக்கொண்டால் எனக்குப் புரிகிறது. கீதை ‘லோக சங்கிரகம்’ என்று ஒன்றைப் பேசுகிறது. தனக்கு என்ன கிடைக்கும் என்று பாராமல், உலகம் சிதறாமல் சேர்ந்திருக்கும்படி காரியம் செய்வது. ஓடை ஓரத்தில் கட்டாமல் விடும் விதிக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் கர்மம் பலன் கொடுக்கிறதா இல்லையா என்று பட்டிமன்றம் போடுவேன். இப்போது என் பலனை யார் சுமக்கிறார் என்ற கேள்விதான் பெரிதாக இருக்கிறது.

விட்டுக்கொடுப்பவரின் நட்டத்தையும் மறக்கக் கூடாது. நெதர்லாந்தில் ஆறுகளுக்கு இடம் விடும் திட்டம் ஒன்றை நடத்தினார்கள். கரையை இன்னும் உயரமாகக் கட்டுவதற்குப் பதிலாகப் பல இடங்களில் ஆற்றுக்கு நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஓரிடத்தில் விவசாயிகள், தாங்களே மேடு அமைத்து அதன்மேல் குடியேறுகிறோம், மற்ற நிலம் வெள்ள நேரத்தில் ஆற்றுக்கு என்று முன்வந்தார்கள். அரசாங்கம் அவர்களோடு உட்கார்ந்து பேசிச் செலவையும் ஏற்றது. ‘கட்டாதே’ என்று சொல்வது சுலபம். கட்ட முடியாதவனுக்கு என்ன வழி என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு நியாயம்.

கூட்டத்தில் நடந்தது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிளானை எடுத்துக்கொண்டு போனேன். அம்புக்குறியைச் சிவப்பு மையில் போட்டிருந்தேன். 400 தொட்டிக் கணக்கைச் சொன்னேன். எங்கள் வீட்டு அடுப்படிக் கதையையும் சொன்னேன். அதைச் சொன்ன பிறகுதான் ஆட்கள் காது கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

தலைவர் முகம் சிவந்துவிட்டது. “உன்னைப் பிளான் போடச் சொன்னா, நீ கோயிலுக்கே தடை போடுறியேப்பா?” என்றார். ஒரு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் பொருளாளர் அக்கா ஒரு கேள்வி கேட்டார்: “தண்ணி வந்தா பாட்டி எங்க போய்ப் படுக்கும்? நம்ம புது மண்டபத்துலதானே?” யாரும் பேசவில்லை.

மண்டபம் வேண்டாம் என்று முடிவாகவில்லை. முன்பக்க மேட்டில் சின்னதாகக் கட்டலாமா, பின்பக்கம் வேண்டும் என்றால் பள்ளத்தை மூடாமல் தூண் மேல் தூக்கிக் கட்ட முடியுமா என்று பதிவு பெற்ற ஒரு பொறியாளரிடம் கேட்பது, முறைப்படி விண்ணப்பிப்பது என்று தீர்மானம் ஆனது. செலவு கூடும். ஒரு வருடமோ இரண்டு வருடமோ தள்ளிப்போகும். சும்மா வந்த மண் போய்விட்டது. தேவாரப் பிள்ளைகள் இன்னும் தாழ்வாரத்தில்தான் உட்காருகிறார்கள். நான் சொன்னதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை அந்தப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தலைவர் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. போன வாரம்தான் “என்னப்பா எஞ்சினியர்” என்றார்.

அப்பாவிடம் பேசுவது இதைவிடக் கஷ்டமாக இருந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். பிறகு ஒரு சனிக்கிழமை நானும் அவரும் சேர்ந்து அடுப்படி ஓரத்துக் கான்கிரீட் பலகைகளில் இரண்டைப் பெயர்த்தெடுத்துவிட்டு இரும்புக் கம்பிச் சட்டம் போட்டோம். உள்ளே இருந்து எடுத்த சேறு பதினோரு சாக்கு. நாலு வீடு தள்ளி இருக்கும் அந்த அண்ணனும் வந்து சாக்குப் பிடித்தார். சுவர் இன்னும் அங்கேதான் நிற்கிறது. அதை இடித்தால் அம்மாவுக்கு அடுப்படி பாதியாகிவிடும். அதை என்ன செய்வது என்று எங்களுக்கு இன்னும் முடிவு தெரியவில்லை. முழுக்கச் சரிசெய்துவிட்டு எழுத வேண்டும் என்று காத்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே மாட்டேன்.

நண்பர்களே, உங்கள் கோயிலிலும் நாளைக்கு ஒரு மண்டபமோ, கார் நிறுத்துமிடமோ, புதுக் கழிவறையோ கட்டப் பேச்சு வரும். நீங்கள் சிவில் படித்திருக்க வேண்டியதில்லை. ‘இந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?’ என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். உங்கள் ஊருக்கான உள்ளூர்த் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைக்கும்போது போய்ப் பாருங்கள். எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்லச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஓடை ஓரத்தை யாருக்கு எதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்க நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? பெரியவன் கட்டும்போது கேள்வி கேட்கும் உரிமை, நாம் கட்டும்போது விதியை மதித்தால்தான் நமக்கு வாய் நிறைய இருக்கும்.

போன வெள்ளிக்கிழமை மாலை நல்ல மழை. பூஜை முடிந்து பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பள்ளத்தில் தண்ணீர் நிற்க ஆரம்பித்திருந்தது, தவளைகள் கத்தின. பாட்டி குடையோடு பக்கத்தில் வந்து நின்று, “இந்தக் கொசுத் தொல்லைக்கு இதை மூடித் தொலைச்சா என்னய்யா?” என்றார்.

நான் சிரித்தேன். அவருக்கு இன்னும் விஷயத்தை முழுதாகச் சொல்லவில்லை.